ஐம்பத்தொன்பதாவது வீச்சு

இண்டியானாபொலிஸ்
பிப்ரவரி 10, 1998

அன்பு ஓரின்,

நலம். அதாவது, முழங்காலுக்குக் கீழே எதுவும் நலமில்லை, மேலே விசாரிக்காதே. தொழில்முறை ஃபுட்பால் அணிகளுக்கு ஆள் பொறுக்கும் இந்த முகாமில் ஐந்து நாளாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அரைக்கால் சட்டையோடு ஓடும் கல்லூரிப் பையன்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஐம்பத்து நான்கு வயது ஆளுக்கு இதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்பதை என் மாஜி மனைவி இன்னும் நம்பவில்லை.

நேற்று பந்தெறியும் குவார்ட்டர்பேக் ஒருவனுக்குச் சாண் அளந்தார்கள். ஒன்பது அங்குலத்துக்குக் கால் அங்குலம் குறைவு. அறையே துக்க வீடாகிவிட்டது. பக்கத்திலிருந்த மெர்ல், "கையா அது? டீ ஸ்பூன்யா!" என்றான். அவனும் நானும் ஒரே ஓட்டத்துக்கு ஸ்டாப்வாட்ச் பிடித்தோம். அவனுக்கு 4.7 விநாடி, எனக்கு 4.9. என் கட்டைவிரல் ஓய்வு கேட்கிறது.

உன் அணியில் பந்தெறியும் கோல்பியை இங்கே அழைக்கவில்லை என்று வருந்தியிருந்தாய். சின்னக் கல்லூரி, வேறென்ன? மார்ச்சில் உங்கள் மைதானத்திலேயே எறியவிடு. வருகிறேன். என்னைப் போல மற்ற அணிகளுக்கு ஆள் தேடும் ஸ்கவுட்டுகளையும் இழுத்து வருகிறேன்.

உன் பழைய பெஞ்சுத் தோழன்,
வெர்லின்

*

டெல்வின், கான்சாஸ்
பிப்ரவரி 22

என் அருமை வெர்லின்,

நீ வருவதாக எழுதியதை நேடாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "சோபாவை மறைச்சு வைங்க, போன தடவை உடைச்சிட்டுப் போனாரு" என்றாள். உனக்கு இந்த வீட்டில் அவ்வளவு மரியாதை.

வேடிக்கை போதும். தலைமைப் பயிற்சியாளர் நேற்று அழைத்து, "ஓரின், ஏப்ரல்ல பெரிய அணிங்க ஆள் எடுக்குற டிராஃப்ட்ல ஒரு பையனையாவது ஏத்திக் காட்டு. இல்லேன்னா ஜூன்ல வேற எடம் பாத்துக்க" என்று சொல்லிவிட்டார். பதினாறு வருஷம், வெர்லின். கோல்பியை விட்டால் எனக்கு யாருமில்லை. அவன் எறிந்து காட்டப்போகும் ஐம்பத்தெட்டு வீச்சுக்கும் வரிசை எழுதிவிட்டேன். நீ வந்து கண்ணால் பார், போதும்.

உன்,
ஓரின்

*

விச்சிட்டா விமான நிலையம்
மார்ச் 20

அன்பு ஓரின்,

சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டேன், மன்னித்துவிடு. நீயும் வழியனுப்ப வரவில்லை.

ஐம்பத்தெட்டும் அழகு. ஆனால் ஐம்பத்தெட்டில் ஒன்றுகூட இடப்பக்கம் ஓடிக்கொண்டே தூர எறியும் வீச்சு இல்லை. வரிசையை எழுதியவன் நீ, மறந்திருக்க மாட்டாய். முடிந்ததும் "வேற ஏதாச்சும் பாக்கணுமா?" என்று வழக்கப்படி கேட்டாய். கூடாரத்தில் பார்பெக்யூ வாசனை கிளம்பியிருந்தது. மற்ற எட்டு ஸ்கவுட்டுகளும் அங்கே ஓடினார்கள். அந்த ஓட்டத்துக்கு யாரும் நேரம் பிடிக்கவில்லை. நான் மட்டும், "அந்த ஒண்ணு போட்டுக் காட்டச் சொல்லு" என்றேன்.

பையன் உன்னைப் பார்த்தான். நீ வானத்தைப் பார்த்தாய். முப்பது கெஜம் போவதற்குள் பந்து செத்து விழுந்தது. தோளைப் பிடித்துக்கொண்டு என்னிடம், "அக்டோபர்லேர்ந்து வலிக்குது சார். கோச்கிட்ட சொல்லிட்டேன்" என்றான்.

என் அணிக்கு அறிக்கை அடுத்த வெள்ளிக்கிழமை போக வேண்டும். என்ன நடந்தது, சொல்.

வெர்லின்

*

டெல்வின்
மார்ச் 23

வெர்லின்,

வரிசையில் இல்லாத வீச்சை யாரும் கேட்பதில்லை. நண்பன் கேட்பதே இல்லை.

ஆமாம், எனக்குத் தெரியும். டாக்டரிடம் போனால் தாளில் ஏறிவிடும், தாளில் ஏறினால் எந்த அணியும் தொடாது. டிராஃப்ட் முடியட்டும், பிறகு அவர்கள் டாக்டரே பார்க்கட்டும் என்று நான்தான் சொன்னேன். அவனும் தலையாட்டினான்.

அந்த வீச்சைப் பார்த்தது நீ ஒருவன்தான். ஐம்பத்தெட்டு என்று எழுது. இதுவரை உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை.

ஓரின்

*

மார்ச் 28

அன்பு ஓரின்,

ஐம்பத்தெட்டு என்றுதான் எழுதினேன். இரண்டு முறை. இரண்டையும் கிழித்துப் போட்டேன்.

இருபத்து மூன்று வருஷத்தில் நான் தப்பாகக் கணித்த பையன்களை வரிசையாக நிறுத்தினால் மைதானம் போதாது. ஆனால் தெரிந்தே தப்பாக எழுதியது ஒருமுறைகூட இல்லை. பெரிய யோக்கியன் என்பதால் அல்ல. இதுவரை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். நீ கேட்டதும் என் கை எவ்வளவு சுலபமாக ஓடியது தெரியுமா? அதுதான் தூங்கவிடவில்லை.

ஐம்பத்தொன்பது என்று அனுப்பிவிட்டேன். அவனை உடனே டாக்டரிடம் காட்டச் சொல்லி அவன் அப்பாவுக்கும் போன் செய்தேன். உன் பெயரை இழுக்கவில்லை. திட்டியாவது ஒரு வரி எழுது.

என்றும் உன்,
வெர்லின்

*

டெல்வின்
ஏப்ரல் 29

வெர்லின்,

டிராஃப்டின் ஏழு சுற்றிலும் கோல்பியின் பெயர் வரவில்லை. பார்த்திருப்பாய்.

தோளைத் திறந்து தைத்திருக்கிறார்கள். இன்னும் ஒரு மாதம் எறிந்திருந்தால், தலை வாரக்கூடக் கையைத் தூக்க முடியாமல் போயிருக்கும் என்றாராம் டாக்டர். நீ செய்தது சரி. அதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

என் வேலை ஜூனோடு முடிகிறது. நேடா பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டாள். போகிற ஊரின் முகவரி இன்னும் தெரியாது. தெரிந்தாலும் எழுதுவேனா தெரியவில்லை.

நேற்று ஆஸ்பத்திரியில் கோல்பி உனக்கு நன்றி சொல்லச் சொன்னான். சொல்லிவிட்டேன். அந்த நன்றி அவனுடையது மட்டும்.

ஓரின் டாட்லாக்