இரண்டு டிக்கெட், ஒரு செவலைப் பசு

ஜூன் 2

மாட்டுக் கொட்டகை அதிபர் அவர்களுக்கு,

நலம். நீங்களும் உங்கள் மாடுகளும் நலமாகத்தான் இருப்பீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

போனில் பேசலாம்தான். ஆனால் நான் வாயைத் திறந்ததும் "இரு, மாடு கத்துது" என்று வைத்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். விடுதி வரவேற்பறைப் பெண் இதைப் படம் பிடித்து உங்கள் போனுக்கு அனுப்புவாள். எதிர்வீட்டு வெல்டர் தம்பியிடம் சொன்னால் உங்கள் பதிலை அதே மாதிரி அனுப்பிவிடுவான்.

கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆகிறதே என்று மகள் இரண்டு டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள். மூன்று வாரம் வெளிநாட்டில் மலை, ஏரி என்று அக்கடாவென இருந்துவிட்டு வாருங்கள் என்றாள். பெட்டியெல்லாம் காரில் ஏற்றிய பிறகு, "செவலைக்கு மடி இறங்கிடுச்சு, இன்னிக்கோ நாளைக்கோ கன்னு போட்டுடும், நீ போய்ட்டு வா" என்று சொன்னீர்களே, அந்த வாயை என்ன செய்யலாம்? விமானத்தில் பக்கத்து சீட் காலி. சாப்பாடு கொண்டுவந்த பெண், கூட வருபவர் எங்கே என்று கேட்டாள். பிரசவம் பார்க்கப் போயிருக்கிறார் என்றேன். டாக்டரா என்று கேட்டாள். சாப்பாட்டுத் தட்டைப் பிரித்தேன்.

இனி எழுதுவது கோபத்தில் எழுதுவது இல்லை. மகள் பட்டம் வாங்கியபோது தனியாகப் போனேன். தங்கை கல்யாணத்துக்குத் தனியாகப் போனேன். இப்போது நம் கல்யாண நாளுக்கும் தனியாக வந்திருக்கிறேன். இனிமேல் என்னால் ஆகாது. இங்கிருந்து நேரே மகள் வீட்டுக்குப் போகிறேன். அவள் ஒரு அறை ஒழித்து வைத்திருக்கிறாள். கொட்டகைக்குத் திரும்பி வருவதாக எண்ணம் இல்லை. உங்கள் டிக்கெட்டைத் தேதி மாற்றிக்கொள்ளலாமாம். வருவதும் வராததும் உங்கள் இஷ்டம்.

ஜன்னலைத் திறந்தால் எதிர்ச்சரிவு முழுக்க மாடு, என் தலையெழுத்து. கோதுமை நிறம், குட்டைக் கால், மாவில் முகத்தை வைத்த மாதிரி மூக்கைச் சுற்றி வெள்ளை வளையம். நான் ஒன்றும் பார்க்கவில்லை, கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

இப்படிக்கு,
உங்களுக்குக் கழுத்தை நீட்டியவள்


ஜூன் 4

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் செய்தது தப்புதான், மன்னித்துவிடு.

செவலை கன்று போட்டுவிட்டது. பெண் கன்று, கிடேரி. தாயும் கன்றும் சுகம்.

மகள் வீட்டோடு போய்விடுவதாக எழுதியிருக்கிறாய். படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. ஆனால் நான் என்னதான் செய்வேன், நீயே சொல். மற்ற நாலு மாடும் யார் உட்கார்ந்தாலும் பால் விடும். செவலைக்கு என் கை பட்டால்தான் ஆகும், உனக்குத் தெரியாததா? மடியில் பால் தேங்கிவிட்டால் நோய் வந்துவிடும். வேறு யாரை நம்பி விட்டுவிட்டு வருவது?

அந்தக் கோதுமை நிற மாட்டுக்குக் கொம்பு மேலே பார்த்து இருக்கிறதா, முன்னால் வளைந்திருக்கிறதா? காம்பு நீளமா? கன்றைக் கூடவே மேய விடுகிறார்களா? சரிவில் இறங்கும்போது எந்தக் காலை முதலில் வைக்கிறது? நேரம் கிடைத்தால் பார்த்து எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்,
மாட்டுக்காரன்


ஜூன் 7

மாட்டுக்காரருக்கு,

நன்றாக இருக்கிறது உங்கள் நியாயம்! முழங்கால் வலியோடு விமானம் ஏறியவள் நான். என் கால் எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை. மாடு எந்தக் காலை முதலில் வைக்கிறது என்று கேட்கிறீர்கள். இதைப் படித்துவிட்டு அரைமணி நேரம் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். நான் பேசாமல் இருந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேற்று விடுதியில் தங்கியிருப்பவர்கள் எல்லோரும் கடைத்தெருவுக்குப் போனார்கள். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு மாடு பார்த்தேன். உங்களோடு வாழ்ந்து என் புத்தியும் இப்படி ஆகிவிட்டது. எழுதித் தொலைக்கிறேன். கொம்பு முன்னால் வளைந்து நுனி மட்டும் கறுப்பு. காம்பு குட்டை. கன்று கூடவே மேய்கிறது. சரிவில் நேராக இறங்குவதே இல்லை, குறுக்கே நடந்து நடந்து இறங்குகிறது, நம் மகள் சின்ன வயதில் படியிறங்கிய மாதிரி. இன்னொரு ஜாதியும் உண்டு. சாம்பல் உடம்பு, முதுகு நெடுக ஒரே வெள்ளைக் கோடு, யாரோ சுண்ணாம்பு வாளியைக் கவிழ்த்துவிட்டுப் போன மாதிரி. அதைப் பார்த்ததும் நீங்கள் இருந்தால் எப்படிக் குதிப்பீர்கள் என்று நினைத்தேன். நினைத்ததும் ஆத்திரமாக வந்தது.

மாட்டுக்காரப் பெண்மணி என்னைக் கொட்டகைக்குள் கூப்பிட்டாள். பாஷை தெரியாது. இரண்டு மாட்டுக்காரிகளுக்கு எதற்கு பாஷை? கையாலேயே பேசிக்கொண்டோம், மீதியைக் கூட வந்த வரவேற்பறைப் பெண் போனில் தமிழாக்கிக் காட்டினாள். அந்தப் பெண்மணியும் வீட்டுக்காரரும் வருஷா வருஷம் கடலுக்குப் போய்விடுகிறார்களாம். வேறு ஆள் வந்து கறப்பாராம். மாடு விடுமா என்று கேட்டேன். கொட்டகை ஆணியில் ஒரு பழைய கோட்டு தொங்குகிறது, தினமும் அதைத்தான் போட்டுக்கொண்டு கறப்பார்களாம். வருகிற ஆளும் அதையே போட்டுக்கொள்ள வேண்டும். மாட்டுக்கு அந்த வாசனை போதுமாம்.

வர மனம் இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடுங்கள். தாங்கிக்கொள்வேன். பாவம், பழியைச் செவலை மேல் போடாதீர்கள்.

இப்படிக்கு,
முழங்கால்காரி


ஜூன் 10

அன்புள்ள வாயாடிக்கு,

முழங்கால் எப்படி இருக்கிறது? முதல் வரியிலேயே கேட்டுவிட்டேன், குறித்துக்கொள்.

ஒரு விஷயத்தை மறைத்துவிட்டேன். செவலை எனக்குப் பால் விடவில்லை. கன்று முட்டினால் விடுகிறது, நான் உட்கார்ந்தால் மடியை இறுக்கிக்கொள்கிறது. என் கை பட்டால்தான் ஆகும் என்று உனக்கு எழுதியபோதே என் வாளி காலியாகத்தான் இருந்தது. கால்நடை டாக்டர் ஒருநாள் ஊசி போட்டுக் கறக்க வைத்தார். "தினமும் இப்படி ஊசி போட முடியாதுங்க. வழக்கமா கறக்கும்போது பக்கத்துல யாரு நிப்பாங்க?" என்று கேட்டார்.

யார் நிற்பார்கள்? நீதான். நான் கறக்கும்போது நீ அதன் தாடையைச் சொறிந்துகொண்டு தொணதொணவென்று பேசுவாய். மகளைத் திட்டுவாய், பால்வண்டிக்காரரைத் திட்டுவாய், பிறகு என்னைத் திட்டுவாய். அது உனக்குப் பால் விட்டிருக்கிறது. நான் என் கைராசி என்று மார்தட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

கோட்டு விஷயம் படித்ததும் உன் பூப்போட்ட நைட்டியை எடுத்து மாட்டிக்கொண்டேன். சிரிக்காதே. தோளில் தையல் விட்டுவிட்டது, புதிது வாங்கித் தருகிறேன். வெல்டர் தம்பியைக் கறக்க உட்காரவைத்துவிட்டு நான் உன் இடத்தில் போய் நின்றேன். செவலை முகர்ந்து பார்த்துக் காதை ஆட்டியது. பால் வரவில்லை. "அண்ணே, அண்ணி மாதிரி ஏதாவது பேசுங்கண்ணே" என்றான் தம்பி. "மழை வரும்போல இருக்கு" என்றேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வரவில்லை. இத்தனை வருஷத்தில் உன்னிடமும் நான் இதற்கு மேல் பேசியதில்லையே!

கடைசியில் போனை எடுத்து உன் முதல் கடிதத்தை உரக்கப் படித்தேன். நீ திட்டுகிற மாதிரியே ஏற்ற இறக்கத்தோடு படித்தேன். பாதியில் வாளியில் சர்ரென்று சத்தம் கேட்டது. 'திரும்பி வருவதாக எண்ணம் இல்லை' என்ற வரியில் படிப்பதை நிறுத்திவிட்டேன். தம்பி, "நிறுத்தாதீங்கண்ணே, பால் வருது" என்று கத்தினான்.

மறுநாள் நைட்டியை அவன் மனைவி போட்டுக்கொண்டாள். உன் அளவுக்கு இல்லாவிட்டாலும் அவளும் நன்றாகப் பேசுகிறாள். அவன் கறந்தான். நான் வெளியே நின்றேன். வாளி நிறைந்துவிட்டது.

டிக்கெட்டை மாற்றிவிட்டேன். பதினாலாம் தேதி காலை வந்து இறங்குகிறேன். அதற்குப் பிறகும் நீ மகள் வீட்டுக்குப் போவதென்றால் உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் அவள் வாசல் வரை வருகிறேன். நீ இல்லாமல் வீடு வீடாக இல்லை. இதை நேரில் சொல்ல எனக்கு வராது, அதனால் எழுதிவிட்டேன்.

உன்,
மாட்டுக்காரன்


ஜூன் 11

அன்புள்ள உங்களுக்கு,

படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது. வரவேற்பறைப் பெண் பயந்துபோய் முதுகில் தட்டினாள். பிறகு அழுதேன், அதற்கும் தட்டினாள். வெல்டர் தம்பி உங்களை நைட்டியோடு படம் எடுக்காமலா இருந்திருப்பான்? நீங்கள் அனுப்பாவிட்டால் நானே கேட்டு வாங்கிக்கொள்வேன்.

மகளிடம் அந்த அறையில் துணி காயப்போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டேன். "அப்பா வர்றாரா? ஏறி உக்காந்துட்டாரான்னு கேட்டுட்டுச் சொல்லும்மா" என்கிறாள். அவளைக் குற்றம் சொல்ல முடியுமா? எனக்கே நீங்கள் கண்ணில் படும் வரை திக்திக்கென்றுதான் இருக்கும்.

இரண்டாம் நாள் அந்த முதுகில் வெள்ளைக் கோடு போட்ட மாட்டை நீங்கள் கறந்து பார்க்கலாம், அந்தப் பெண்மணி சரி என்றுவிட்டாள். முதல் நாள் மாடு கிடையாது. நானும் நீங்களும் மட்டும்தான்.

முழங்கால் தேவலை. விமான நிலைய வாசலுக்கு நானே வந்து நிற்பேன். அங்கே நான் வாயைத் திறக்கப்போவதில்லை, நீங்கள்தான் ஆரம்பிக்க வேண்டும். மழையைப் பற்றியே இருந்தாலும் சரி, கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உங்கள்,
வாயாடி