ஏழாவது கை

அன்பு மகளே,

நீ இருக்கும் செராஸ், இங்கே கிள்ளானிலிருந்து ஒரு மணி நேரம்தான். ஆனாலும் போனில் பேசினால் நான் கத்திவிடுவேன் என்று பயந்து கடிதம் எழுதுகிறேன்.

இன்று என் ஐந்தாம் ஆண்டு வகுப்பைப் பார்வையிட அதிகாரிகள் வந்தார்கள். பிள்ளைகள் தாங்களே சிந்தித்துக் கேள்வி கேட்க வேண்டுமாம். அதற்காக ஆறு பேருக்கு ஆறு கேள்விகளை எழுதிக் கொடுத்து, இரண்டு வாரமாக மனப்பாடம் செய்ய வைத்திருந்தேன். யார் எப்போது கை தூக்குவது என்பதற்கும் ஒத்திகை பார்த்தோம். பாடம், ஆற்றுத் தூய்மை.

ஆறும் பிசகாமல் முடிந்தன. ஏழாவதாக ஒரு கை எழுந்தது. பட்டியலில் இல்லாத யுகனேஸ்வரி.

"டீச்சர், எங்கள குப்ப போடாதீங்கன்னு சொல்றீங்க. ஃபேக்டரிக்காரங்ககிட்ட யாரு சொல்றது?"

"அதெல்லாம் பாடத்துல இல்ல லா. உட்காரு."

உட்கார்ந்தாள். தூக்கிய கையை மேசைக்கடியில் வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த முகத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன். "ஜாஹிர கட்டிக்கிட்டா என்னம்மா தப்பு?" என்று நீ கேட்டாய். "அந்தப் பேச்சே வேணாம், உள்ள போ," என்றேன். நீ வீட்டைவிட்டே போனாய்.

வகுப்பில் பின்னால் நின்ற தலைமையாசிரியருக்கு யுகனேஸ்வரியின் கேள்வி பிடித்துவிட்டது. அடுத்த வாரம் வரும் குழுவுக்கும் அது வேண்டுமாம். யுகனேஸ்வரி இனிக் கை தூக்க மாட்டேன் என்கிறாள். அதனால் அவள் கேள்வியை வேறொரு பிள்ளைக்கு எழுதிக் கொடுத்தேன். அதன் கீழே மாதிரி விடையும் எழுதியாயிற்று.

நீ கேட்டதற்குத்தான் நான்கு வருடமாக ஒரு வரிகூட எழுத வரவில்லை.

அம்மா