பதினேழு அடிப் பெட்டி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், உன் நலத்தையும் கேட்க வேண்டும், கேட்டுவிட்டேன். இடுப்பெலும்பு கூடிவிட்டது, கம்பு ஊன்றி அடுப்படி வரை போகிறேன். நான் ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று வாரமும் உனக்கு லீவு கிடைக்கவில்லை, வேலை அப்படி என்று கேட்டவர்களுக்கெல்லாம் நானே சமாதானம் சொன்னேன். போன மாதம் நம்மூர் வலையில் அந்த ஆழ்கடல் துடுப்பு மீன் வந்ததும் மூன்றாம் நாள் வந்து நிற்கிறாய். மீனுக்குக் கிடைத்த லீவு பெற்றவளுக்குக் கிடைக்கவில்லை.

பள்ளிக்கூட நாளில் உன் கட்டிலுக்கு மேலே அந்த மீனின் படத்தை ஒட்டியிருக்காவிட்டால், ஐஸ் கம்பெனியில் கட்டி உடைக்கிற அப்பாவுக்கு ஆழ்கடல் மீனைப் பற்றி என்ன தெரியும்? ஏலக்காரர்கள் வெட்டக் கத்தியோடு வந்தபோது, “என் பொண்ணு இதுக்காகத்தான் படிச்சா” என்று குறுக்கே படுக்காத குறையாகத் தடுத்துவிட்டு உனக்குப் போன் போட்டார். கம்பெனியில் இருந்த ஐஸ் பெட்டி எட்டடி, மீன் பதினாறடி. கெட்டுவிடக் கூடாதே என்று பாயை மடிப்பது போல் இரண்டாக மடக்கி வைத்தார், அதன் முதுகெலும்பு முறிந்துவிட்டது. அதற்கு, கூட வேலை செய்கிறவர்கள் முன்னால் “மூளை இருக்காப்பா உங்களுக்கு” என்று கேட்டாயாமே. அவர் சொல்லவில்லை, லாரி டிரைவர் சொன்னார். எலும்பு முறிந்தால் நீ இவ்வளவு துடிப்பாய் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. அளந்தாய், படமெடுத்தாய், வேண்டியதை அறுத்து எடுத்துக்கொண்டாய், அப்படியே ஏர்போர்ட். கம்பெனியிலிருந்து பத்து நிமிஷ நடையில் வீடு. உன் அறையைக் கூட்டி, படுக்கை விரித்து, வெந்நீர் போட்டு, இருட்டும்வரை வாசலிலேயே நின்றேன். வயிறு எரிகிறது, அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது.

அப்பா என்ன செய்கிறார் தெரியுமா, விடுமுறை நாளெல்லாம் பலகை அடிக்கிறார். பதினேழு அடியில் ஒரு பெட்டி. கூடத்தில் ஆரம்பித்து உன் அறைக்குள் நீள்கிறது, கதவைச் சாத்த முடியவில்லை, உன் கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்துவிட்டார். அடுப்படிக்கு நான் அதைச் சுற்றிக்கொண்டுதான் போகிறேன். இன்னொரு மீன் வந்தால் மடக்காமல் வைக்கலாம், அவள் கோபப்படாமல் வருவாள் என்கிறார். எங்கள் இருவரையும் தலைமாடு கால்மாடாகப் படுக்க வைத்தாலும் பதினோரு அடி தேறாது.

நன்றாயிரு, ஒரு குறையும் உனக்கு வர வேண்டாம். வேளைக்குச் சாப்பிடு. அப்பாவுக்கு ஒரு போன் போடு, மீனைப் பற்றிப் பேசாதே.

இப்படிக்கு,
உன் அம்மா