கதவைத் தட்டும் பேய்

அன்புள்ள அப்பாவுக்கு, பிரேமலாவின் வணக்கம். போனில் உங்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை என்பதால் எழுதுகிறேன். முட்டிவலி குறைந்ததா?

சனிக்கிழமை, இங்கே மெர்சிங் ஊர் நூலகத்தில் நான் நடத்தும் வாசிப்பு வட்டத்தில் ஒரு பழைய பேய்க்கதை படித்தோம். அந்தப் பேய் வீடுவீடாகக் கதவைத் தட்டும். யாருமே திறக்க மாட்டார்கள்.

“பாவம்லா, பேச ஆள் இல்ல, அதான் தட்டுது,” என்றார் ஓய்வுபெற்ற மருத்துவமனைத் தாதி செல்லப்பாக்கியம். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று மாலை, உப்பு கேட்கும் சாக்கில், இங்கே குடிவந்த பிறகு முதல்முறையாகப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். தேன்மொழி என்ற அக்கா திறந்தார். பக்கத்து வீட்டில் இருக்கிறேன் என்றேன்.

“அந்த வீட்ல ஆள் இருக்கீங்களா? நாலு மாசமா காலி வீடுன்னு நெனச்சேன். உள்ள வாங்க, சாப்பிடலாம்.”

சாப்பிட்டேன், அப்பா.

நூலகம் திறக்க நேரமாகிவிட்டது. எலுமிச்சை ஊறுகாய் இரண்டு போத்தல் வேண்டும். தபாலில் அனுப்பாமல் நீங்களே கொண்டுவாருங்கள்.

மகள்,
பிரேமலா