மூன்று கட்டம் வலப்பக்கம்

மார்ச் 12, 2000. ஞாயிறு.

இன்று நடந்ததை ஒன்றும் மறைக்காமல் எழுதப் போகிறேன். y = x² வளைவில் x இருக்குமிடத்தில் x–3 போட்டால் அது எந்தப் பக்கம் நகரும் என்று நுழைவுத்தேர்வு வகுப்பில் சார் கேட்டார். கழித்தல்தானே என்று இடப்பக்கம் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும், அம்மா தீப்பெட்டி ஒட்டிக் கழித்த அட்டையில் வளைவை வெட்டி, வரைபடத்தாளில் வைத்து நகர்த்தினேன். x மூன்றாக இருந்தால்தான் x–3 பூச்சியமாகிறது. அதனால் வளைவின் அடி வலப்பக்கம் மூன்றுக்குப் போய்விடுகிறது. சந்தோஷத்தில் கத்திவிட்டேன்.

"ஏட்டி, அட்டைய வெட்டி வெளாடுதியாக்கும்?" என்றாள் அம்மா.

"பரிட்சைக்கும்மா. பாஸானா மெட்ராஸ்ல இன்ஜினியரிங் படிக்கலாம்."

"அங்கன போனா எம்புள்ளையாவா திரும்பி வருவ?"

நான் வளைவை மறுபடி நகர்த்திக் காட்டினேன். "பாரும்மா, எடந்தான் மாறுது. உருவம் அப்படியேதான இருக்கு."

அம்மா தானும் ஒருமுறை நகர்த்திப் பார்த்தாள். "இது அட்டைட்டி," என்றாள்.

அப்பா சம்மதித்தால்தான் போக முடியும். அவரிடம் எனக்காகப் பேசுவதாக அம்மா சொல்லவில்லை. பேசமாட்டேன் என்றும் சொல்லவில்லை. எனக்கு மெட்ராசுக்குப் போக வேண்டும். அங்கே இரவில் அம்மா பக்கத்தில் படுத்திருக்க மாட்டாள் என்பதை இப்போதுதான் நினைத்தேன். அம்மா விளக்கை அணைத்துவிட்டாள்.