மருத்துவமனைக்கு எந்த வாசல்

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகக் கொல்லைக் கதவைத் திறந்தேன். டைல்ஸ் ஒட்டும் ஆட்கள் வரும் நேரம். மூன்று முறை வெள்ளை அடித்தும் அந்தப் பின்னறைச் சுவரிலிருந்து வறுத்த முந்திரித்தோட்டின் கார நெடி போகவில்லை. அங்கே உட்கார்ந்துதான் உன் அம்மா எங்களுக்கு முந்திரி உடைத்தார். அந்த நெடி வந்தால் நீயும் வந்துவிடுகிறாய்.

தாத்தா கட்டிய இந்த வீட்டை மருத்துவமனை ஆக்கலாம் என்று சொன்னவள் நீ. அப்பாவும் போன பிறகு, ஜெயங்கொண்டத்தில் இத்தனை அறைகளுக்கும் நான் ஒருத்தி விளக்கைப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தேன். பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்த நீ, டாக்டராகி, திருச்சி வேலையை விட்டு, பக்கத்தில் அரியலூருக்கே வந்துவிட்டிருந்தாய். கூடத்தின் நடுவில் நின்று சிரித்தாய்.

"ஒங்க தாத்தா ஊஞ்சலாடுன எடத்துல ஊசி போடப்போறேன்டி. கனவுல வந்து திட்டுனாருன்னா எம்பேரச் சொல்லிடு."

கட்டடப் பொறியியல் படித்தவள் என்பதால் வரைபடம் என் பொறுப்பு. முன்பக்கம் ஐந்து படிகள். அதற்குமேல் உயரமான நிலைப்படியோடு சித்திர வேலை செய்த தேக்கு நிலை. அதைத் தொட மனமில்லாமல், பின்பக்கம் சாய்தளம் போட்டு, 'நோயாளிகள் வழி' என்று அம்புக்குறி இட்டேன். நீ அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"எங்கம்மா காலம்பூரா இந்த வழியாத்தான் வந்துச்சு. வைத்தியத்துக்கு வர்றவங்களும் இதே வழிதானாடி?"

"ஸ்ட்ரெச்சர் வர அதுதான்டி வசதி. முன்னாடின்னா நிலைய அறுக்கணும்."

"சரி, விடு. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

உன் அம்மா ஒருநாளும் முன்வாசல் வழியாக வந்ததில்லை என்பது எனக்குத் தெரியாததா? கையில் பென்சில் இருந்தபோது அது நினைவுக்கு வரவில்லை. அதற்குமேல் எனக்குச் சொல்ல நியாயம் இல்லை. அதிலிருந்து ஒன்பதாம் நாள் நீ தூக்கத்திலேயே போய்விட்டாய். இடையில் இரண்டு முறை போனில் பேசினோம். இரண்டு முறையும் பிளம்பரைப் பற்றி.

நேற்று சித்தப்பா வந்திருந்தார். சாய்தளத்தில் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, "நல்லவேள, முன்வாசல்ல கைவைக்கல. நிலைய அறுத்தா குடும்பத்துக்கு ஆவாதும்மா" என்றார். தலையாட்டினேன். அவர் போன பிறகு கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தேன். ஆகாமல் போக இங்கே என்னைத் தவிர யார் இருக்கிறார்கள்?

அடுத்த மாதம் திறப்பு. உன் இடத்துக்கு ஓர் இளம் டாக்டர் வர ஒப்புக்கொண்டிருக்கிறார். உன் பெயரைப் பலகையில் பெரிதாகப் போடலாம் என்கிறார்கள். போடட்டும். ஆனால் நீ பெயரா கேட்டாய்?

நாளை ஆசாரியைக் கூப்பிடப்போகிறேன். நிலைப்படியை அறுத்துவிட்டு, ஐந்து படிகளையும் இடித்துச் சாய்தளமாக்கி, எல்லோரையும் முன்வாசல் வழியாகவே வரச் செய்யப்போகிறேன். சித்தப்பாவிடம் சொல்லவில்லை. மேஸ்திரிக்கும் தெரியாது. உன் அம்மாவிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வருமா, தெரியவில்லை.