அப்டேட் ஆகாத பிளகின்

செவ்வாய், இரவு.

என் பிரவுசிங் கடைக் கம்ப்யூட்டரில் தமிழ் டைப் செய்யும் பிளகின் இன்றும் அப்டேட் ஆகவில்லை. புதிதாக இறக்கலாம் என்று தேடினால், டைப் செய்வதையெல்லாம் திருடுகிறது என்று அதை பிரவுசர் ஸ்டோரிலிருந்து எப்போதோ நீக்கிவிட்டார்களாம்.

மழையில் இங்கே நெட் இழுக்காது. இந்த மாதிரி சாஃப்ட்வேரை பென்டிரைவில்தான் கடைக்குக் கடை வாங்கிக்கொள்வோம். எனக்குக் கொடுத்த சலீம் பாயிடம் கேட்டேன்.

"எனக்கு யார் கொடுத்தாங்கன்னே ஞாபகம் இல்லீங்க. கோத்தகிரி பஜார் பூரா அதுதானுங்க ஓடுது."

உடனே அழித்தேன். ஆனால் எஸ்டேட் பெண்கள் பேங்க் பாஸ்வேர்டை என் காதோடு சொல்வார்கள்; நான்தான் டைப் செய்வேன். காலையில் செல்வி அக்காவும் சொன்னார்.

இப்போது அவரே போன் செய்தார். "தம்பி, நான் எதுவும் பண்ணலீங்க. ஓடிபி வந்துக்கிட்டே இருக்குது."

அந்த நம்பரை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றேன்.

"உங்ககிட்டக்கூடவா?" என்றார்.